எந்த இரண்டு மொழி?

போன மாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் பாரிஸிலிருந்து பெறாமகள் போன் எடுத்தாள். இங்கே வன்னியில், மல்லாவியில், அறுவடை முடிந்திருந்த நேரம். முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தேன். கோழியைக் கலைத்தபடியே போனைக் காதில் வைத்தேன்.

"பெரியம்மா, சின்னவளை ரண்டு மொழிப் பள்ளிக்கூடத்தில சேர்ப்பமெண்டு யோசிக்கிறம். பிரெஞ்சும் இங்கிலீசும். நீங்கள் ரீச்சரா இருந்தனீங்கள், சொல்லுங்கோ."

எவ்வளவு காசு என்று கேட்டேன். சொன்னாள். அவளுக்கு ஹொட்டல் அறைகள் துப்பரவாக்கும் வேலை. கணவனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. அந்தக் காசைக் கட்டுவதென்றால் அவள் பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் இன்னோர் இடம் துடைக்கப் போகவேண்டும். அந்த நேரம் பிள்ளையோடு ஆர் இருப்பது என்றேன். "ரப்லெற் இருக்குத்தானே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் சொல்ல ஒரு கிழமை தவணை கேட்டேன்.

அவள் படித்த கதை எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணம் பெயர்ந்தது. அடுத்த வருடம் கிளிநொச்சியும் பெயர்ந்தது. அந்தச் சனமெல்லாம் மல்லாவிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வந்து சேர்ந்தது. காலையில் எங்கள் பிள்ளைகள், பின்னேரம் இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று ஒரே கட்டடத்தை இரண்டு நேரமாகப் பங்கிட்டோம். இடம் போதாத வகுப்புகள் மரத்தின்கீழ் நடந்தன. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்க ஒரு கரண்டி எண்ணெய், மூடியில் துளையிட்டு ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் அவள் தாய் பக்கத்திலிருந்து வாய்ப்பாடு கேட்பாள். தாயும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள்தான். பிழையைச் சரியாகப் பிடிப்பாளோ தெரியாது, பக்கத்தில் இருந்தாள்.

பிரான்ஸில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. இருக்கும் முகவரியை வைத்தே பள்ளிக்கூடம் தரப்படும். ஆறு வயதில் தொடங்கும் ஆரம்ப வகுப்பிலேயே ஒரு வெளிநாட்டு மொழியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது ஆங்கிலந்தான். சில அரசாங்கப் பள்ளிகளில் சர்வதேசப் பிரிவுகள் உண்டு. அங்கே பிரெஞ்சோடு அரபு, போர்த்துக்கேயம், சீனம் என்று இன்னொரு மொழியிலும் பாடம் நடக்கும். தமிழுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. ஆகவே எங்கள் ஆட்கள் 'இரண்டு மொழிப் பள்ளிக்கூடம்' என்று சொல்லும்போது, அந்த இரண்டில் ஒன்றுகூட அவர்களுடைய வீட்டு மொழி அல்ல. பெறாமகளிடம் நான் கேட்க வேண்டியிருந்த முதல் கேள்வியே 'எந்த இரண்டு மொழி?' என்பதுதான்.

இருமொழிப் பள்ளிகளை வெறும் பகட்டு என்று தள்ளிவிட மாட்டேன். பாரிஸில் அவற்றுள் பேர்பெற்ற ஒன்றை 1954 இல் தொடங்கிய ஜனின் மனுவெல், உலகப்போரைக் கண்டவர். ஒருவர் மொழியை ஒருவர் அறிந்தால் நாடுகள் பகைக்காமல் வாழலாம் என்ற நம்பிக்கையில் தொடங்கியவர். இரண்டு மொழி பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்று படித்தவர்களே நம்பிய காலமும் இருந்தது. அந்த எண்ணத்தை 1962 இல் மொன்றியலில் எலிசபெத் பீலும் வொலஸ் லம்பேர்ட்டும் உடைத்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒத்த அளவில் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைகள், ஒரு மொழிப் பிள்ளைகளை விடச் சோதனைகளில் நன்றாகச் செய்ததை அவர்கள் காட்டினார்கள். மூன்று வருடம் கழித்து ஆற்றுக்கு அக்கரையில் சென் லம்பேர்ட் என்ற ஊரில் (ஆளுக்கும் ஊருக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்) ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டு, பாலர் வகுப்பிலிருந்தே முழுக்கப் பிரெஞ்சில் படிப்பிக்கும் வகுப்பைத் தொடங்குவித்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சு கற்றார்கள். ஆங்கிலம் குறையவில்லை.

ஏன் குறையவில்லை? வீட்டில், கடையில், ரி.வி.யில், தகப்பனின் கந்தோரில், எங்கும் ஆங்கிலம் இருந்தது. லம்பேர்ட்டே பின்னாளில் இதைக் கணக்குப் பாடம்போலப் பிரித்துச் சொன்னார்: சில பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழி கூட்டல், சில பிள்ளைகளுக்குக் கழித்தல். வெளியில் செல்வாக்கில்லாத மொழியை வீட்டில் பேசும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட மொழி வர வர வீட்டு மொழி போகும். பாரிஸின் புறநகரில் வளரும் தமிழ்ப் பிள்ளை இந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது. அதன் தமிழ் வாழும் நேரம் மிகச் சொற்பம்: தாய் வேலையால் வந்ததிலிருந்து நித்திரை வரைக்கும், பிறகு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். பெறாமகள் காசுக்காக விற்க நினைத்தது சரியாக அந்த மணித்தியாலங்களைத்தான்.

இந்தக் கழித்தல் பிரான்ஸுக்குப் புதிதும் அல்ல. மேற்குக் கரையில் பிரித்தானிப் பகுதியில் பிரெத்தோன் என்றொரு மொழி உண்டு. ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் அதைப் பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பைத் தொங்கவிடுவார்களாம். அடுத்ததாக அகப்படும் பிள்ளைக்கு அது மாறும். தண்டனைக்குக்கூடச் சாகாத மொழி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெற்றோரின் அன்பினால் தளர்ந்தது. பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று அவர்களே வீட்டில் பிரெஞ்சுக்கு மாறினார்கள். பேரப்பிள்ளைகள் பேத்தியாரோடு கதைக்க முடியாமல் போனபின்புதான் விழித்து, 1977 இல் 'திவான்' என்று, வித்து என்ற பொருளில், சில பாலர்களோடு ஒரு பிரெத்தோன் பள்ளியைத் தொடங்கினார்கள். வீட்டில் சும்மா கிடைத்ததைக் கட்டடம் எடுத்துத் திரும்பத் தேடவேண்டியதாயிற்று. அதே 1977 இல்தான் கடலுக்கு அப்பால் கியூபெக், குடிவந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே போகவேண்டும் என்று சட்டம் போட்டது. மொன்றியல் தமிழருக்கு அந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். பிரெஞ்சுக்காரருக்கே தங்கள் மொழி போய்விடும் என்ற பயம் இருக்கும்போது எங்களுக்கு இல்லாதது ஆச்சரியம்.

மூன்று வருடத்துக்கு முன் ஆவணி விடுமுறைக்குப் பெறாமகள் குடும்பத்தோடு மல்லாவிக்கு வந்தாள். என் தாய் அப்போது இருந்தா. பெறாமகளின் மூத்த மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "கிணத்தடிக்குப் போகாதை பிள்ளை, வழுக்கும்" என்றா. பிள்ளை அசையாமல் தாயின் முகத்தைப் பார்த்தாள். பூட்டி இன்னொருமுறை, கொஞ்சம் உரத்துச் சொன்னா. பிள்ளை திரும்பவும் தாயைப் பார்த்தாள். இரவு படுக்கப் போகமுன் என்னிடம் மெல்லக் கேட்டா: "இந்தப் பிள்ளைக்குக் காது கேக்காதோ?"

இதைவிடப் பாரமான இன்னொன்றும் உண்டு. பாரிஸில் எங்களூர்த் தாய் ஒருத்திக்குக் கருப்பையில் கட்டி. பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனாள். வைத்தியர் சொன்னதை அவன்தான் மொழிபெயர்க்க வேண்டும். கருப்பைக்கு அவனுக்குத் தமிழ் தெரியாது. "வயித்துக்குள்ள ஒண்டு இருக்காம், எடுக்காட்டிக் கூடாதாம்" என்றானாம். அந்த வசனத்தைத் தாய்க்குச் சொல்லும் வேலை ஒரு பிள்ளைக்குரியதல்ல. பிள்ளை பெரியவராகவும் பெரியவர் பிள்ளையாகவும் மாறும் வீட்டில், பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் ஒழுக்கம் கற்பிக்க முடியாது. சிங்களம் மட்டும் என்று 1956 இல் சட்டம் வந்தபின், விளங்காத படிவத்தோடு கந்தோர் வாசலில் நின்ற எங்கள் தகப்பன்மாரை நாங்கள் மறக்கவில்லை. அந்த நிலைக்கு எங்களை நாங்களே கொண்டுபோய் விடலாமா?

ஒரு கிழமை கழித்துப் பெறாமகளுக்குச் சொன்னேன். பிள்ளை தெருமுனை அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். பிரெஞ்சை அந்தத் தேசமே படிப்பிக்கும், ஆங்கிலம் பின்னால் வரும். அந்தக் காசை உழைக்கப் போகாதே, வீட்டில் இரு. நீ ஒரு மாலை வகுப்புக்குப் போய் உனக்கென்று பிரெஞ்சு படி. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதே. ஆனால் அவளோடு உடைந்த பிரெஞ்சில் கதைக்காதே. உனக்குக் கோபிக்கவும் கொஞ்சவும் கதை சொல்லவும் முழுசாக வரும் மொழியில் கதை. தகப்பனுக்கும் இதைச் சொல்லு.

"லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவை விட்டு வெளியில தமிழாலை என்ன பிரயோசனம் பெரியம்மா" என்றாள். தனிநாயகம் அடிகள் முன்னின்று வளர்த்த உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1970 இல் பாரிஸில் நடந்ததையும், அங்குள்ள கீழைத்தேய மொழிகளின் கல்விக்கூடத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகள் இருந்து தமிழ் படிப்பதையும் சொன்னேன். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பூட்டி கேட்ட கேள்வியை அதுவரை அவளுக்குச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

செப்டெம்பரில் சின்னவள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள்.

இங்கே இருக்கும் அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது "சாப்பிட்டியோ, படிக்கிறியோ" என்று கேட்டு, பிள்ளை "ஓம்" என்றதும் தாயிடம் போனைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை எப்படி என்று கேளுங்கள். பதிலுக்குத் தமிழ்ச் சொல் தேடி அது திக்கும். அந்தரப்படாமல் காத்திருங்கள்.