கருணையா, கடனா?

விருத்தாசலம் பீங்கான் ஊர். இங்குள்ள சூளைகளில் வேகும் மின்சாதனப் பீங்கானை எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் அளவு ஒன்றே. பிள்ளையின் சோற்றுக்கு அவ்வாறு ஒரே அளவு இருந்ததில்லை.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்க மறுக்கும் தந்தையிடம் மாதந்தோறும் தொகை பெற வழிசெய்தது. திருமணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளையையும் அது விலக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு 500 ரூபாய். பின்னர் மேற்கு வங்காளமும் மகாராஷ்டிரமும் அதனை 1,500 ஆக்கின. மத்தியப் பிரதேசம் 3,000 ஆக்கியது. ஒரே நாட்டுப் பிள்ளைகளின் பசிக்கு மாநில எல்லை விலை குறித்தது. 2001இல் நாடாளுமன்றம் அவ்வரம்பை நீக்கிற்று. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு அதன் இடத்தில் இருக்கிறது.

சட்டம் சமமாயிற்று. பிள்ளைகள் சமமாகிவிட்டார்களா? மாதச் சம்பளக்காரரின் ஊதியத்தில் நீதிமன்றம் பிடித்தம் செய்விக்கலாம். இன்று சூளையில் கூலி வாங்கிவிட்டு, நாளை திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விடுபவரிடம் எதைப் பிடிப்பது? தாய் விருத்தாசலத்திலேயே மனுச் செய்யலாம். ஆணையை அவர் இருக்கும் ஊரின் நடுவர் நீதிமன்றமும் நிறைவேற்றலாம். அந்த ஊர் எது என்பதை யார் கண்டு சொல்வது? அமெரிக்காவில் 1975 முதல் மாநிலந்தோறும் இதற்கென அலுவலகம் உண்டு. தந்தையைத் தேடுவதும் அதன் வேலையே. இங்கே தாய்தான் தேடுகிறார், தம் ஒருநாள் கூலியை இழந்து. நிலுவையை ஓராண்டுக்குள் கேட்காவிடில் அதற்குப் பிடியாணையும் கிடையாது.

சிறைக்குப் போனால் தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. சிறை நிலுவையை அடைக்காது என்று குல்தீப் கவுர் வழக்கில் 1989இலேயே உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. திருச்சபையின் மனமும் அதுவே. திருமணம் செல்லாதென்று தீர்ப்பிடும்போதுகூட, பிள்ளைகளின் பராமரிப்பையும் கல்வியையும் இருவருக்கும் நினைவூட்டுமாறு திருச்சபைச் சட்டத்தின் 1691ஆம் விதி பணிக்கிறது.

கைவிடப்பட்ட பிள்ளைக்கு நம் பங்குகளில் பள்ளிக்கட்டணமும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடையும் தருகிறோம். நல்லதுதான். ஆயினும் அதைத் தர்மக் கணக்கில் எழுதும்போது, கடன்பட்டவரின் பெயர் ஏட்டிலிருந்தே மறைந்துவிடுகிறது. அவரே திருவிழாவுக்கு வந்து தேருக்கு உபயம் தந்தால், ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கிறோம். (அந்தப் பிள்ளையும் கூட்டத்தில் நின்று கேட்கக்கூடும்.) அவர் எங்கே வேலை செய்கிறார் என்பது அன்பியத்தில் பலருக்குத் தெரியும், நீதிமன்றம் கேட்பதும் அந்த முகவரியைத்தான். அதைத் தாயிடம் சொன்னால் குடும்பத்தைப் பிரித்த பாவம் வருமென்று பேசாமலிருக்கிறோம்.