அடங்கும் முடிவும் ஆரவார முடிவும்: புரோக்கோபியேவின் ஏழாம் சிம்பொனி

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டெனக் கொள்கிறது. அமைதி அவற்றுள் இல்லை. வடமொழி மரபிலும் சாந்தம் பின்னரே ஒன்பதாவதாகச் சேர்ந்தது. ஆரவாரமற்ற அமைதியைக் கலைச்சுவையாக ஏற்பதில் தயக்கம் பழையதே.

செர்கேய் புரோக்கோபியேவின் ஏழாம் சிம்பொனி (1952) இத்தயக்கத்திற்குத் தக்க சான்று. 1948 பிப்ரவரித் தீர்மானம் அவரை உருவவாதி எனச் சாடியிருந்தது. நோயும் பணமுடையும் சூழ்ந்த நிலையில், வானொலியின் சிறுவர் பிரிவுக்கென எழுதிய இப்படைப்பை அவர் மெல்ல அடங்கி முடியுமாறு அமைத்தார். நடத்துநர் சமசூத் 1,00,000 ரூபிள் ஸ்டாலின் பரிசைக் கருதி உற்சாகமான முடிவொன்றை வேண்ட, அதனையும் எழுதித் தந்தார். அப்பரிசு கிட்டவில்லை. 1953 மார்ச் 5இல் அவர் மறைந்தார். 1957இல் லெனின் பரிசு இச்சிம்பொனிக்கு வழங்கப்பெற்றது.

இதனை விலைபோதல் என இகழ்தல் எளிது. பரிசில் வாழ்க்கையைப் புறநானூற்றில் பயின்றோர்க்கு அத்தீர்ப்பு அவ்வளவு எளிதன்று; வறுமை புலவனின் பாட்டைப் பொய்யாக்குவதில்லை என்பதை அவர்கள் அறிவர். ஆயினும் முகமலர்ச்சியை அரசு கட்டாயமாக எதிர்பார்க்கும் காலத்தில், கூட்டிய மகிழ்ச்சி கேட்போரை ஏமாற்றுகிறது என்னும் குறை நிற்கவே செய்கிறது. அவரும் இதனை உணர்ந்திருத்தல் கூடும். முதல் முடிவே நிலைக்க வேண்டும் என்று ரஸ்திரபோவிச்சிடம் கூறியதாக அறியப்படுகிறது. நடத்துநர் சிலர் இன்றும் இரண்டாவதையே வாசிக்கின்றனர்.