காலம் மாற்றிய காடும் கை மாற்றிய காடும்

உலகின் தட்பவெப்பம் என்றும் ஒரு நிலையில் நின்றதில்லை. குளிரும் வெப்பமும், மழையும் வறட்சியும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. அங்ஙனமிருக்க, இன்றைய மாற்றத்திற்கு மட்டும் மனிதனைப் பொறுப்பாளி ஆக்குவது முறையா? இவ்வினாவைப் படித்தவர் பலர் எழுப்புகின்றனர். அதில் ஒரு பாதி உண்மை இருப்பதால் எளிதில் தள்ளிவிட இயலாது. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட இல்லறத்தார் இதனை ஆராயாமல் விடுவதும் தகாது. மரம் செடி கொடிகள் மட்டுமன்றி நிலமும் நீரும் நெருப்பும் காற்றும் உயிருடையன என்று கொள்ளும் நமக்கு, ஒரு காட்டின் அழிவு வெறும் பொருளிழப்பு அன்று.

முதலில், காலம் காட்டை எங்ஙனம் மாற்றியது என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமார் அவர்களை யானை ஆய்வாளராகவே பலரும் அறிவர். அவரும் இரமேஷ், பந்த், இராஜகோபாலன் ஆகியோரும் நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா முதலிய சதுப்புப் பள்ளங்களிலிருந்து கருஞ்சேற்றை எடுத்து ஆராய்ந்தனர். நீர் தேங்கிய பள்ளத்தில் விழுந்த இலையும் புல்லும் முற்றும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த சேறு அது, 'பீட்' என்பர். கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது. ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கதிரியக்கக் கார்பன் முறையால் கணித்தனர்.

வயது தெரிந்தால் போதாது. அக்காலத்தில் அங்கு வளர்ந்தது என்ன என்பதும் தெரியவேண்டும். கார்பனில் 12, 13 என்னும் நிறையெண் கொண்ட இருவகை அணுக்கள் சிதைவின்றி நிலைத்திருப்பவை. மரங்களும் புதர்களும் ஒருவகையாகக் கரியமில வாயுவை உட்கொள்கின்றன. வெப்பமண்டலப் புற்களிற் பல வேறுவகையாக உட்கொள்கின்றன. ஆதலின் இப்புற்களில் 13 நிறையுள்ள கார்பன் சற்று மிகுந்திருக்கும். ஈரமான காலத்தில் முதல்வகைத் தாவரங்களும், வறண்ட காலத்தில் இரண்டாம் வகைப் புற்களும் ஓங்கும். ஒரு பிடிச் சேற்றிலுள்ள இவ்விரு அணுக்களின் விகிதத்தை அளந்து பண்டைய மழையை அறிகின்றனர்! 1993-இல் 'நேச்சர்' இதழில் இவ்வாய்வு வெளிவந்தது.

அது காட்டிய வரலாறு இது. ஏறத்தாழ 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியூழியில் இருந்தபோது, நீலகிரி வறண்டு கிடந்தது, புல் ஓங்கியிருந்தது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை மிக வலுத்தது. பின்னர் மீண்டும் வறட்சி. 600 ஆண்டுகளுக்கு முன் சிறிது காலம் ஈரம். இவற்றுள் எதற்கும் கோடரி காரணமன்று.

'அவசர்ப்பிணியில் மரங்களின் வளம் குன்றும் என்று நம் ஆகமங்கள் அன்றே கூறின. அதனையே அறிவியல் இன்று மெய்ப்பித்தது' என்று இங்கே எழுதத் தூண்டப்படுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. ஆகமம் பேசும் காலம் வேறு, அளவு வேறு. சித்தன்னவாசல் அறிவர் கோவிலின் விதான ஓவியத்தில் தாமரைக் குளத்தில் யானைகள் நிற்கக் காண்கிறோம். அதனால் புதுக்கோட்டைச் சீமையில் அக்காலத்தில் யானைக்காடு இருந்தது என்று முடிவு கட்டலாகுமா? ஓவியன் வரைந்தது சமவசரணத்துப் பொய்கையை. சான்று எதுவரை செல்லுமோ அதுவரை மட்டும் செல்வதும் வாய்மை என்னும் விரதத்தின் பகுதியே.

இனி அறத்தின் பக்கம் வருவோம். பொருள் யாவும் தோன்றலும் அழிதலும் நிலைத்தலும் உடையன என்பது நம் தத்துவம். அதன்படி காடு புல்லாவதும், புல் காடாவதும் பொருளின் இயல்பு. ஆனால் இம்சைக்குத் தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணத்தை நினைவுகூர்க: பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தலே இம்சை. அழிவு மட்டும் இம்சை ஆகாது. விழிப்பின்மையும் பற்றும் சேர்ந்த மன மொழி மெய்களின் இயக்கமே அதனை இம்சை ஆக்குகின்றது. எல்லா மனிதரும் ஒருநாள் இயல்பாக இறப்பர். அதனால் கொலைக்குக் குற்றமில்லை என்று எந்த அறநூலும் சொல்லவில்லை. பண்டைய தட்பவெப்ப மாற்றத்தைக் காட்டி இன்றைய செயலுக்கு விடுதலை கேட்பதும் அத்தகைய வாதமே.

வேகமும் ஒன்றன்று. பனியூழியின் உச்சத்தில் பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 190 பங்கு இருந்தது. அது 280 ஆகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. தொழிற்புரட்சிக்குப் பின் 300 ஆண்டுகள் நிறைவதற்குள் 420-ஐக் கடந்துவிட்டது. முன்பு காடு மெல்ல மேலேறவும் கீழிறங்கவும் இடம் இருந்தது. இன்று அதன் வழியில் தேயிலைத் தோட்டமும் சாலையும் ஊரும் நிற்கின்றன.

இவ்வளவும் அறிந்தவுடன், 'மரம் நடுவோம்' என்பதே நம் நாவில் வரும் விடை. திருமண நாளுக்கும் நினைவு நாளுக்கும் மரக்கன்று வழங்கும் நல்வழக்கம் நம் குடும்பங்களிலும் பரவியுள்ளது. இங்குதான் நீலகிரிச் சேறு நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. அம்மலைகளின் புல்வெளி, மனிதன் காட்டை எரித்ததனால் உண்டான வீண்நிலம் என்று நெடுங்காலம் பலர் எண்ணினர். அவ்வீண்நிலத்தைப் பயன்படுத்துவதாகக் கருதி, 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயரும் பின்னர் நாமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரத்தையும் சீகை மரத்தையும் நட்டு நிரப்பினோம். சீகைப் பட்டை தோல் பதனிடுவதற்குப் பயன்பட்டது என்பதையும் நம்மவர் கருதவேண்டும். ஆனால் அப்புல்வெளி 20,000 ஆண்டுகளாக இருந்து வருவது. சோலையைப் போலவே தொன்மையானது. வரையாடு வாழ்வது அதில்தான். மரம் நட்டே ஓர் உயிர்க்குலத்தின் இல்லத்தை அழித்தோம். கருணை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், நன்ஞானம் இல்லை. நற்காட்சியும் நன்ஞானமும் கூடாத ஒழுக்கம் நல்லொழுக்கம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை.

நீலகிரி தொலைவில் உள்ளது என்று எண்ணவேண்டா. நார்த்தாமலையின் சமணர் குடகையும் செட்டிப்பட்டியின் இடிந்த பள்ளியையும் வணங்கச் செல்லும் அன்பர்கள் குன்றாண்டார்கோவில் வட்டாரத்தையும் கடந்திருப்பர். பல்லவர் காலக் குடைவரையையும், குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற மண்டபத்தையும் உடைய ஊர் அது. புதுக்கோட்டை மாவட்டத்தின் இத்தகைய வறண்ட நிலத்திற்கு உரிய காடு ஒன்று உண்டு: உயரம் குறைந்து, முள்ளும் கொடியும் பின்னி, கோடையிலும் இலையுதிராத காடு. காயா, உலக்கைப் பாலை, வீரை முதலியன அதன் மரங்கள். பெரும்பாலும் கோவில்காடுகளில் மட்டுமே அது எஞ்சியுள்ளது. காண்பவர் கண்ணுக்கு அது 'புதர்'. ஆகவே மாவட்டத்தின் பெரும்பரப்பில் வரிசை வரிசையாகத் தைல மரம் நின்றது. நிலத்தடி நீர் வற்றுகிறது, கண்மாய்க்கு நீர் வருவதில்லை என்று உழவர்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர்.

இனி வருவது கடினமான வினா. முதுமலையில் 1988 முதல் சுகுமார் குழுவினர் 50 ஹெக்டேர் காட்டில், ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண்ணிட்டு, எது இறந்தது, எது புதிதாய் வந்தது என்று கணக்கெடுத்து வருகின்றனர். தீயால் எத்தனை, யானையால் எத்தனை என்றும் தெரிகின்றது. அக்காட்டிலும் வெளிநாட்டு உண்ணிச்செடி பரவி, உள்நாட்டுச் செடிகளை நெருக்குகின்றது. அதனைப் பிடுங்குவது இம்சையா? நம் தென்மாவட்டச் சீமைக்கருவேலுக்கும் இதே வினா பொருந்தும்.

இரத்தினகரண்டகமும் அதன்வழி வந்த அருங்கலச்செப்பும் பயனில்லாத் தீவினையை விலக்கச் சொல்கின்றன. வீணே நிலம் அகழ்தல், நீர் சிந்துதல், தீ மூட்டுதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியன அதில் அடங்கும். 'வீணே' என்னும் சொல்லைக் கவனிக்க. ஓரறிவுயிருக்கு வரும் ஊறு முழுவதையும் இல்லறத்தான் தவிர்க்க இயலாது என்று அறிந்தே ஆசிரியர்கள் அணுவிரதம் வகுத்தனர். எனவே பிடுங்குவது கூடாது என்று நான் கூறேன். ஆனால் 'இது அயல்நாட்டுச் செடி, இதற்கு இரக்கம் வேண்டா' என்ற மனத்தோடு பிடுங்குவோனும், வேறு வழியில்லை என்று உணர்ந்து, எத்தனை வேரோடு எத்தனை புழு பூச்சி மாயும் என்று பார்த்து, மழைக்கு முன் அளவோடு பிடுங்குவோனும் ஒருவர் அல்லர். செய்கை ஒன்று, கட்டும் வினை வேறு. துறவியர்க்கு இவ்விரண்டும் ஆகா என்பது வெளிப்படை.

பிடுங்கிய இடத்தில் மீண்டும் என்ன நடுவது என்று கேட்போர்க்கு, முதலில் ஈராண்டு ஒன்றும் நடாமல் வேலியிட்டுப் பார்க்கலாம் என்பேன். அருகில் ஒரு கோவில்காடு இருந்தால், பழம் தின்ற பறவைகளே காயாவையும் பாலையையும் அங்கே கொண்டுவந்து சேர்க்கும்.