விசுவாசமும் இரட்சிப்பும்

"கிறிஸ்துவை விசுவசியாதார்க்கு இரட்சிப்பு இல்லை என்கின்றனரே, அங்ஙனமாயின் அவரைப்பற்றிக் கேளாதே இறந்த நல்லோர் கதி யாது?" என்று மாணாக்கனொருவன் வகுப்பிலே வினாவினால், ஆசிரியர் யாது விடை கூறல் வேண்டும்? நம் நாட்டிலே ஒரு குடும்பத்திற்றானே சைவரும் கிறிஸ்தவரும் உளராதலின், அவ்வினா நூலறிவு பற்றியதாக மாத்திரம் இராது; இறந்துபோன பாட்டியை நினைந்து எழுந்ததாகவும் இருத்தல் கூடும். "அஃது அவர் மதம், நமக்கென்ன?" என்று வாளாவிருத்தல் ஆசிரியர்க்குக் கடனன்று. அச்சமயத்தார் கூறாதவற்றை அவர்மேலேற்றி நகைத்தலும் நடுவுநிலைமையன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் அச்சமயத்தைக் கண்டித்தவராயினும், பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பிற் பணிசெய்து அந்நூலை நன்கு கற்றவர். கற்றுப் பேசுதலாகிய அம்முறையையே நாமும் ஈண்டுக் கைக்கொள்வாம்.

முதற்கண், விசுவாசம் வேண்டும் என்னும் கொள்கையின் பிறப்பை நோக்குவாம். முதலாம் நூற்றாண்டிலே பவுல் என்பார் உரோமாபுரிச் சபையார்க்கு எழுதிய நிருபத்தில், யூதருடைய நியாயப்பிரமாணம் விதித்த கருமங்களைச் செய்தமையால் ஒருவன் கடவுள்முன் நீதிமானாகான். விசுவாசமே அதற்கு வாயில் எனச் சாதித்தார். 1522 ஆம் ஆண்டிலே மார்ட்டின் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மானிய மொழியிற் பெயர்த்து வெளியிட்டபொழுது, அவ்விடத்தில் "மாத்திரம்" எனப் பொருள்படும் சொல்லொன்றைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. கருத்து அதுவே என்பது அவர் வாதம். கத்தோலிக்கர் 1547 ஆம் ஆண்டிலே திரெந்து நகரத்துச் சங்கத்தில் இதனை மறுத்து, விசுவாசமே தொடக்கமென ஒப்பி, நம்பிக்கையும் அன்பும் கூடாவழி அது நிறைவுறாதென வரையறுத்தனர். 1999 ஆம் ஆண்டிலே லூதர் சபையாரின் உலக ஒன்றியமும் கத்தோலிக்க சபையும் ஜெர்மனியிலுள்ள அவுக்ஸ்பேர்க் நகரில் ஒரு பத்திரத்திற் கைச்சாத்திட்டு, இப்பொருளின் அடிப்படையில் தாம் ஒத்திருப்பதாக அறிவித்தன. ஆகவே விசுவாசம் வேண்டுமென்பதில் இருசாரார்க்கும் பிணக்கு இருந்ததில்லை. அது தனித்து அமையுமோ என்பதே பிணக்காயிருந்தது.

இனி, விசுவாசமென்பது யாது? கடவுள் உளரென்று உள்ளத்தால் உடன்படுதல் மாத்திரமே அஃதாயின், அது போதாதென்பது யாக்கோபின் நிருபத்தாற் பெறப்படும். அவ்வளவு அறிவு பேய்களுக்கும் உண்டென்று அந்நிருபம் இடித்துரைக்கின்றது. புரட்டஸ்தாந்த ஆசிரியர் பலர் விசுவாசத்தை அறிதல், உடன்படல், சார்ந்து நிற்றல் என மூன்றாகப் பகுத்து, மூன்றாவதனையே உயிரென்பர். மருந்தின் பெயரை அறிதல் ஒன்று; அது நோய் தீர்க்குமென ஒப்புதல் ஒன்று; மருத்துவனிடம் தன்னை ஒப்புவித்து அதனை உண்ணுதல் பிறிதொன்று. ஆதலின், "நம்பினேன் என்று வாயாற் சொல்லிவிட்டு எத்தீமை செய்யினும் மோட்சமுண்டு" என்பதே கிறிஸ்து சமயக் கொள்கையென மாணாக்கர்க்குக் கூறுதல் பிழையாம்.

அற்றேல், கேளாதார் கதி என்னை? வினாவின் கூர்மை இங்கேதான் உளது. கேட்டறிந்து தள்ளியவனைக் குற்றவாளி என்றல் ஒருவாறு பொருந்தினும், கேட்கும் வாய்ப்பே பெறாதவனைத் தண்டித்தல் நீதியாகாது. கற்பியாத பாடத்திற் பரீட்சை வைத்துப் பிள்ளையை அடிக்கும் ஆசிரியனை யார் மதிப்பார்? கிறிஸ்து சமயத்தாரும் இதனை உணராதாரல்லர். 1442 ஆம் ஆண்டிலே புளோரன்சுச் சங்கத்து ஆணை, சபைக்குப் புறத்தே இருந்து இறப்போர்க்கு நித்திய வாழ்வில்லையென்று கடுமையாகவே கூறிற்று. எனினும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தோமஸ் அக்குவைனஸ் என்பார், காட்டில் வளர்ந்த ஒருவன் இயற்கையறிவின்படி நன்மையை நாடித் தீமையை விலக்கி ஒழுகுவானாயின், உள்ளுணர்த்தியேனும் போதகர் ஒருவரை அனுப்பியேனும் கடவுள் அவனுக்கு வேண்டுவதை அறிவிப்பாரென எழுதியிருந்தார். 1964 ஆம் ஆண்டிலே இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றத்தாலன்றிக் கிறிஸ்துவை அறியாதவராய், உண்மையுள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் துணையால் மனச்சாட்சியின் வழி ஒழுகுவோரும் இரட்சிப்படையக் கூடுமென்றது. இதனை ஒப்பாத புரட்டஸ்தாந்தர் பலர் இன்றும் உளர். எனவே, மாணாக்கன் வினாவுக்கு அச்சமயத்தில் ஒரே விடை இல்லையென்க.

இருபதாம் நூற்றாண்டினராகிய கார்ல் ரானர் என்னும் ஜெர்மானியக் கத்தோலிக்க அறிஞர், இத்தகையோரைப் பெயரில்லாக் கிறிஸ்தவர் என்றனர். அது கருணையாற் பிறந்த சொல்லே. ஆயினும், திருநீறணிந்து சிவனை வழிபடும் நம்மை நோக்கி, "நீவிர் அறியாமலே கிறிஸ்தவராயிருக்கின்றீர்" என்று ஒருவர் கூறின், நமக்கு அஃது இனிக்குமோ? இனியாது. அங்ஙனமாயின் நம்மையும் நாம் சோதித்தல் வேண்டும். பிற தெய்வங்களைத் தொழுவார்தம் வழிபாட்டையும் ஏற்றுப் பயனளிப்பவர் சிவபெருமானே என்பது சிவஞானசித்தியாராற் பெறப்படும் நம் கொள்கை. அதனைக் கேட்கும் கிறிஸ்தவர்க்கும் அவ்வின்னாமையே உண்டாகும். பிறரைத் தள்ளாத அகலம் இரண்டிடத்தும் உண்டு. பிறரைத் தம் பெயரால் அழைக்கும் இடர்ப்பாடும் இரண்டிடத்தும் உண்டு.

நாம் துணிவது இது. நம்பிக்கை கட்டளையாற் பிறவாது. "நம்பு, அன்றேல் அழிவாய்" என்பதனால் உண்டாவது அச்சமேயாம். விசுவாசத்தை இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலையாகக் கொள்ளின், அவ்விலை கையிலில்லாதானுக்கு அநீதி நேரும். அருளை ஏற்க நீட்டிய கையாகக் கொள்ளின், அக்கை தரும் பொருளை இன்னதென்று முற்ற அறியாதவனிடத்தும் இருத்தல் கூடும். மத்தேயு சுவிசேஷத்தின் 25 ஆம் அதிகாரத்து நியாயத்தீர்ப்பிலே, பசித்தார்க்கு உணவளித்த நல்லோர் தாம் செய்தது யாருக்கு என்பதை அறியாதவராயிருந்தே ஏற்றுக்கொள்ளப்படுகின்றனர். விசுவாசம் வேண்டுமென்று வற்புறுத்தும் அந்நூலிற்றானே இதுவும் உளது. இவ்விரண்டனையும் சேர்த்துக் கூறுதலே அச்சமயத்துக்குச் செய்யும் நீதி.

ஆசிரியப் பெருமக்காள்! அம்மாணாக்கன் வினாவும்பொழுது, முதலில் அவன் முகத்தை நோக்குமின். கிறிஸ்தவருள்ளும் பலவிடைகள் உளவென்பதைத் திரிபின்றிக் கூறுமின். பின்னர், நன்னெறி நின்று இறந்த அவன் பாட்டியைத் தள்ளிவிடும் கடவுளைச் சைவமும் கூறவில்லை, கிறிஸ்தவருட் பெரியோர் பலரும் கூறவில்லையென அவனுக்குத் தெளிவுறுத்துமின்.