தாழ்வும் ஒரு செருக்கே



சென்ற பௌர்ணமியன்று வந்தனை முடிந்தபின் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். தொழிற்கல்வியை இடையிலே நிறுத்திவிட்டாராம். பணமின்மையோ என்று வினவினோம். கட்டணம் முழுதும் செலுத்தியாயிற்று என்றார். பின் காரணம் யாது? "நம்மவர்களுக்கு இதெல்லாம் ஏறாது ஐயா" என்றார்.

அச்சொல்லை நாம் நன்கறிவோம். இப்பெங்களூர்ப் பஞ்சாலையொன்றில் தறியோட்டிய நாளில் நாமும் அதனையே சொன்னோம். இரவுப் பள்ளிக்கு வருமாறு நண்பர் அழைத்தபோதெல்லாம், "எழுத்து நம் கைக்கு வராது" என்று பதினோராண்டுகள் ஒதுங்கினோம். அதனைப் பணிவென்றே நம்பினோம்.

தருமத்தைக் கற்றபின்னரே அதன் உண்மைப் பெயரை உணர்ந்தோம். பாலியில் மானம் என்பது செருக்கைக் குறிக்கும் சொல். மனிதனைப் பிணிக்கும் பத்துத் தளைகளுள் அது எட்டாவது. 'நான் உயர்ந்தவன்' என்பது மானம். 'நான் சமமானவன்' என்பதும் மானம். 'நான் தாழ்ந்தவன்' என்பதும் மானமே. மூன்றிலும் 'நான்' என்னும் அளவுகோலே நிற்கின்றது. அளந்துகொண்டே இருப்பவன் நடப்பது எப்போது?

இத்தாழ்வெண்ணம் நாமாகத் தேடிக்கொண்டதன்று. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நம்மீது ஏற்றிய சுமை. ஏற்றியவர் குற்றம் ஏற்றியவருடையதே. அதனை நாம் ஒருநாளும் மன்னித்து மறைக்கலாகாது. ஆயினும் அச்சுமையை நம் இயல்பென்று எண்ணிப் பிள்ளைகளுக்கும் கொடுத்துச் செல்வோமாயின், அது நம் குற்றமாகும்.

சூளபந்தகர் நான்கு மாதங்கள் முயன்றும் ஒரு பாடலை மனனம் செய்ய இயலவில்லை. தமையனாரே அவரைச் சங்கத்தினின்று போகச் சொன்னார். வாயிலில் அவரைக் கண்ட பகவான், "நீ பேரறிவாளன்" என்று புகழ்ந்தாரில்லை. தூய துணியொன்றைத் தந்து அதனைத் தேய்க்கச் செய்தார். துணி அழுக்கானது கண்டு, பந்தகர் நிலையாமையை உணர்ந்து அருகரானார். மனத்தைத் தேற்றியது புகழ்ச்சியன்று. அவர் கைக்கேற்ற ஒரு செயலே.

அயோத்திதாசப் பண்டிதரை நோக்குங்கள். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை நடத்தினார். அவ்விதழ் கோலார் தங்கவயல் வரை நம் முன்னோரை எட்டியது. பிறர் இட்ட இழிபெயர்களை மறுத்தார் பண்டிதர். ஆனால் மறுப்போடு நின்றாரில்லை. வாரந்தோறும் ஓரிதழ் என்னும் வேலையைக் கையிலெடுத்தார். பெரிய இலட்சியம் இவ்வாறு சிறிய வேலைகளாகவே நிறைவேறும்.

தறியில் இழை அறுந்தால், "நான் நல்ல தொழிலாளியா?" என்று எவனும் ஆராய்வதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிச்சிடுகிறான், தறி ஓடுகிறது.

அவ்விளைஞரிடம் எந்தப் பாடம் ஏறவில்லை என்று கேட்டோம். கணக்கு என்றார். கணக்கில் எது என்றோம். சற்று யோசித்து, பின்னம் என்றார். "அப்படியானால் நாளை மாலை பின்னம் மட்டும் கொண்டு வாரும்" என்றோம். வந்தார்.