பற்றற்றவளும் உயிரற்றவளும்

அமெரிக்க நாட்டின் நடுவே, கான்ஸாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்னும் சர்வகலாசாலை நகரத்திலே சென்ட்ரான் என்றொரு படக் கம்பெனி இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்னடத்தையையும், தொழிலாளிகளுக்கு யந்திரங்களிடம் எச்சரிக்கையாக நடந்துகொள்ளும் முறையையும் கற்பிக்கும் குறும்படங்களைத் தயாரிப்பதே அதன் தொழில். அங்கே பல்லாண்டுகள் உழைத்து நூற்றுக்கணக்கான போதனைப் படங்களை இயக்கிய ஹெர்க் ஹார்வி, தம் வாழ்நாளில் ஒரே ஒரு முழுநீளக் கதைப் படத்தைத்தான் எடுத்தார். அது ஒரு பேய்ப்படம். 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பெயர் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, அதாவது ஆன்மாக்களின் களியாட்டம். பார்த்தவர்கள் பலர் அதன் வெளிறிய முகங்களையே நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கோ, உலகத்தின்மீதும் மனிதர்மீதும் பற்று வைக்காமல் வாழ்வது ஆத்மா முதிர்ந்துவிட்டதன் அடையாளமா, அல்லது உள்ளே ஆத்மா விழிக்கவே இல்லை என்பதன் அடையாளமா, வெளியிலிருந்து பார்க்கிறவன் இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று நெடுங்காலமாக நம் வேதாந்திகளும் பக்தர்களும் விசாரித்துவந்த அந்தப் பழைய கேள்வியையே, மதத்தைப் பற்றி உபதேசம் செய்ய எண்ணாத இந்தப் படம் மறுபடியும் என் முன்னே கொண்டுவந்து வைக்கிறது.

படம் பிறந்த விதமே சிந்தனைக்குரியது. காலிபோர்னியாவிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்த ஹார்வி, யூட்டா மாநிலத்தின் பெரும் உப்பு ஏரிக் கரையிலே, அந்தி வெளிச்சத்தில், கீழைநாட்டு அரண்மனைகளை நினைவூட்டும் குவிமாடங்களோடு பாழடைந்து நின்ற ஒரு மாபெரும் மண்டபத்தைக் கண்டார். அதன் பெயர் சால்ட்ஏர். மார்மன் சபையினர் ரயில் கம்பெனியோடு சேர்ந்து 1893-இல் அதைக் கட்டினார்கள். தங்கள் சமூகத்தினர் பெரியவர்களின் கண்காணிப்பிலேயே மாசற்ற கேளிக்கைகளில் பொழுதைக் கழிக்கவேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். 1925-இல் அது தீக்கிரையாயிற்று, மறுபடியும் எழுப்பினார்கள், ஏரியின் நீர் விலகிப் போக, ஜனங்களும் விலகிப் போக, 1958-இல் மூடப்பட்டது. இன்பத்தையும் தர்மத்தையும் ஒரே கூரையின்கீழ் குடிவைக்க ஒரு மத ஸ்தாபனம் செய்த பெருமுயற்சி, நீரும் இல்லாமல் நடனமும் இல்லாமல் உப்பு மண்ணின்மேல் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்ட மாத்திரத்தில் ஹார்வியின் மனத்தில் எழுந்தது, செத்தவர்கள் ஏரியிலிருந்து எழுந்துவந்து அந்த மண்டபத்திலே ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள் என்ற ஒரே காட்சிதான். ஊர் திரும்பியதும் தம்முடன் வேலை பார்த்த ஜான் கிளிஃபர்டிடம் அதைச் சொல்லி, இந்தக் காட்சியில் போய் முடியும்படியாக ஒரு கதை எழுதித் தாருங்கள், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று கேட்டுக்கொண்டார். உள்ளூர்ப் பிரமுகர்கள் முதல் போட, சுமார் 33,000 டாலர் செலவில், விரல்விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்களோடு, ஏறக்குறைய மூன்று வாரங்களில் படப்பிடிப்பு முடிந்தது. கதாநாயகியைத் தொடர்ந்து வரும் ஒரு பிரேத மனிதனாக, முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு, ஹார்வியே நடித்தார்.

கதை சிறியது. மூன்று பெண்கள் செல்லும் ஒரு கார், வாலிபர்கள் சிலரோடு பந்தயம் ஓடி, குறுகிய மரப்பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. போலீஸார் மணிக்கணக்கில் ஆற்றைத் துழாவியும் கார் அகப்படவில்லை. ஆனால் மூவரில் ஒருத்தியான மேரி ஹென்றி மட்டும், எப்படிப் பிழைத்தோம் என்ற நினைவே இல்லாமல், சேறு படிந்த உடையோடு மணல்திட்டில் ஏறி வருகிறாள். அவள் ஆர்கன் வாத்தியக் கலைஞி. யூட்டாவில் ஒரு தேவாலயத்தில் வாசிக்கும் உத்தியோகம் அவளுக்குக் காத்திருக்கிறது. அங்கே போகும் வழியில், இரவுச் சாலையில், கார்க் கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெளிறிய முகம் அவளைப் பார்க்கிறது. அதன்பின் அது அவளை விடுவதில்லை; அந்த ஏரிக்கரை மண்டபமும் காரணம் தெரியாமல் அவளை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அவள் புறப்படுவதற்கு முன் லாரன்ஸ் நகரத்து ஆர்கன் தொழிற்சாலையில் ஒரு சிறு உரையாடல் நிகழ்கிறது. சங்கீதத்துக்கு அறிவு மட்டும் போதாது, கொஞ்சம் ஆத்மாவையும் கலந்து வாசி என்று அங்குள்ள பெரியவர் அன்போடு சொல்கிறார். அவளோ, தேவாலயம் தனக்கு வேலை செய்யும் ஓர் இடமே தவிர வேறில்லை என்று கூசாமல் பதில் சொல்கிறாள். கடவுளை நம்பாதவள் என்பதைவிட, நம்பவேண்டிய அவசியத்தையே அறியாதவள் என்று அவளைச் சொல்வது பொருந்தும். பெற்றோரைப் பார்க்கும் விருப்பம் அவளுக்கு இல்லை. தோழிகள் இருவர் மூழ்கிப் போனதற்குக் கண்ணீர் இல்லை. ஆண் துணையை அவள் நாடவில்லை. புதிய ஊரில் யாரோடும் பழகும் ஆவலும் இல்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்திதப்பிரக்ஞனுக்கு, அதாவது நிலைபெற்ற அறிவுடையவனுக்கு, சொல்லப்படும் லக்ஷணங்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, புறச்செயல்களை மட்டும் பார்த்து இவளைப் பரீட்சித்தால், எங்கும் பற்று வைக்காதவள், துக்கத்தில் கலங்காதவள், ஒருவரையும் எதிர்பார்க்காதவள் என்று பல குறிகள் இவளிடம் பொருந்திவருவதைக் கண்டு நாம் திடுக்கிட நேரும்.

இந்தத் திடுக்கிடலைத்தான் நான் படத்தின் மெய்யான பயம் என்று கருதுகிறேன். துறவைப் போற்றும் மரபில் வளர்ந்தவர்களுக்கு அது மற்றவர்களைவிட ஆழமாக உறைக்க வேண்டும். வைராக்கியம் என்பது நிரம்பியவனுடைய அமைதி. ஒன்றை அடைந்துவிட்டதனால் மற்றவை தாமே உதிர்ந்துபோன நிலை. மேரியிடம் இருப்பதோ, எதுவும் உள்ளே புகாததனால் உண்டான வெறுமை. ஆனால் இவ்விரண்டும் வெளியே அணியும் ஆடை ஒன்றுதான். நம்மில் எத்தனையோ பேர், குடும்பத்திலும் ஊரிலும் யாருடைய சுகதுக்கத்திலும் பங்குகொள்ளாமல் விலகி நிற்பதை ஆத்ம சாதனை என்று நாமும் நம்பி, பிறரையும் நம்பச் செய்கிறோம். அன்பில்லாதவனுடைய மகத்தான பேச்சும் ஒலிக்கும் வெறும் வெண்கலத்துக்குச் சமம் என்று, இந்தப் படம் பிறந்த கிறிஸ்தவ உலகத்துக்கு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலே பவுல் அறிவுறுத்தினார். பிசகில்லாமல் வாசிக்கத் தெரிந்த, ஆனால் யாருக்காகவும் வாசிக்காத ஒரு வாத்தியக் கலைஞியைக் கதாநாயகியாக வைத்ததில், அறிந்தோ அறியாமலோ, கிளிஃபர்ட் அந்த நிருபத்துக்கே ஓர் உரை எழுதிவிட்டார். நம் பக்கத்திலே, அழகிய உடலை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டுப் பெற்ற காரைக்காலம்மையாரோ, அந்த உருவிலேயே ஆண்டவனைப் பாடினார். பேயாயிருந்தும் அவர் பூரணமான உயிர் என்று நாம் வணங்குகிறோம். உயிரைத் தருவது உடலும் அன்று, மூச்சும் அன்று என்பதில் நம்முடைய மரபுக்கும் சந்தேகமில்லை.

படத்திலே ஓர் அபூர்வமான கட்டம் வருகிறது. மேரி ஒரு துணிக்கடையில் புது உடையை அணிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், திடீரென்று உலகத்தின் ஓசை முழுவதும் நின்றுவிடுகிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள், அவளுக்குக் கேட்கவில்லை. தெருவில் நடக்கிறாள், எதிரே வருகிறவர்கள் அவளைப் பார்க்கவில்லை. கார்கள் ஓடுகின்றன, ஜனங்கள் பேசுகிறார்கள், ஆனால் ஒரு சிறு ஒலிகூட இல்லை. யாரும் தனக்கு வேண்டாம் என்று வாழ்ந்தவளுக்கு, அவள் விரும்பியதே முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. கிடைத்தவுடன் அது நரகமாகிறது. நரகத்தில் எண்ணெய்க் கொப்பரைகளும் கிங்கரர்களும் இருப்பதாக வர்ணிக்கும் புராணங்களைவிட இந்த நிசப்தம் என்னை அதிகமாகக் கலக்குகிறது. ஏனெனில் இதில் தண்டிப்பவன் ஒருவனும் இல்லை. பிறகு ஒரு பூங்காவிலே அவள் மரமொன்றில் கையூன்றிச் சாய்கிறாள்; அப்போது ஒரு பறவையின் குரல் கேட்கிறது; அதைத் தொடர்ந்து உலகமே ஓசையோடு அவளிடம் திரும்பிவருகிறது. தேவாலயப் போதகரின் பிரார்த்தனையோ, அவள் பயத்துக்குக் காரணம் தேடும் ஒரு வைத்தியரின் யுக்தியோ செய்யாத காரியத்தை, மரப்பட்டையின் ஸ்பரிசமும் பெயர் தெரியாத ஒரு பறவையும் செய்துவிட்டன என்பதைப் படம் சொல்லாமல் காட்டுகிறது. எட்டணாப் பேய்ப்படம் என்று இதை ஒதுக்குகிறவர்கள், மகான்கள் பலர் முதன்முதலில் விழித்தெழுந்ததும் சாஸ்திரத்தினால் அன்று, இப்படிப்பட்ட ஒரு சாமானிய ஸ்பரிசத்தினால்தான் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

தேவாலயக் காட்சியோ இதற்கு நேர் எதிரானது. தனியே வாசித்துப் பழகிக்கொண்டிருக்கும் மேரியின் கைகள், அவள் வசத்தில் இல்லாமல், துதிப்பாட்டை விட்டு விலகி வேறொரு விபரீதமான சங்கீதத்துக்குள் இறங்குகின்றன. அவள் மனக்கண்ணில் செத்தவர்கள் ஏரியிலிருந்து எழுந்து ஆடுகிறார்கள். வாழ்நாளிலேயே முதன்முறையாக அவள் அறிவைத் தாண்டி வாசிக்கிறாள். தொழிற்சாலைப் பெரியவர் கேட்ட அந்த ஆத்மா, எவ்வளவு இருண்ட உருவில் ஆயினும், அப்போதுதான் அவள் விரல்களில் இறங்குகிறது. உள்ளே நுழைந்த போதகர் அவள் கைகளைப் பிடித்து நிறுத்தி, இது தெய்வ நிந்தை என்று கண்டித்து, உத்தியோகத்தை விட்டு விலகச் சொல்கிறார். சபை உனக்கு உதவும் என்றும் கூடவே சொல்கிறார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டே சொல்லும் அந்த வார்த்தையினால் யாருக்குப் பிரயோஜனம்? அவர் துஷ்டரல்லர், நல்லவர். நல்லவர்களுடைய மதம், ஒழுங்கான சங்கீதத்தைக் கேட்கும்வரையில் கருணையோடிருந்து, ஓர் ஆத்மா தன் இருட்டோடு வெளிப்படும் அதே நொடியில் பயந்துவிடுகிறது. இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும்: ஜீன் மூர் இயற்றிய இப்படத்தின் பின்னணி இசை முழுவதும் ஆர்கனிலேயே அமைந்தது. தேவாலயத்திலும் களியாட்ட மைதானத்திலும் ஒலிக்கும் வாத்தியம் அது. ஆகவே மேரி எங்கே ஓடினாலும் கேட்பவன் காதில் ஒரே நாதம்தான் தொடர்கிறது.

அந்தப் பிரேத மனிதன் அவளுக்குத் தீங்கு எதுவும் செய்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஹார்வியைப் போலவே விளம்பரப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துப் பழகிய ஜார்ஜ் ரொமேரோ, 1968-இல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் செத்தவர்கள் உயிருள்ளவர்களைத் தின்ன வருகிறார்கள். அங்கே மரணம் ஒரு பசி. ஹார்வியின் செத்தவர்களுக்குப் பசியில்லை. அவர்கள் பார்க்கிறார்கள், புன்னகைக்கிறார்கள், ஆட அழைக்கிறார்கள். நம் உபநிஷதக் கதையில், யமனுடைய வாசலிலே மூன்று இரவுகள் காத்திருந்த நசிகேதன், மரணத்தையே ஆசானாகக் கொண்டான். மரணம் அவனுக்குக் கொடுக்க வந்த செல்வங்களையெல்லாம் மறுத்து, அறிவை மட்டும் வாங்கிக்கொண்டான். மேரியும் மரணத்தின் வாசலில்தான் நிற்கிறாள். அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பயமே ஞானமாகிவிடாது, ஆனால் பயந்தவன் நின்று திரும்பி, நீ யார் என்று கேட்கும் தைரியம் பெற்றால் பயம் ஒரு வாசலாகலாம். நல்ல பேய்ப்படங்கள் அந்த வாசல்வரை நம்மைக் கொண்டுபோய் விடும் சக்தி படைத்தவை என்பதனாலேயே, அவற்றைக் கீழான கேளிக்கை என்று தள்ளுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

கடவுள் நம்பிக்கையற்ற, ஆண்களை நாடாத ஒரு பெண்ணுக்கு விதித்த தண்டனையே இக்கதை என்று சிலர் கொள்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. படத்தில் அவளை நெருங்கும் ஒரே ஆண், அவள் தங்கியிருக்கும் வாடகை வீட்டின் பக்கத்து அறைக்காரன். அவன் கொண்டுவருவது அன்பன்று, காமம் மட்டுமே. அவனுக்கு இணங்கியிருந்தால் அவள் உயிர்த்திருப்பாள் என்று படம் எங்கும் சொல்லவில்லை. தனிமைக்கு அஞ்சி அவள் அவனைச் சகித்துக்கொள்ள முயலும் இரவுதான் படத்திலேயே துயரம் மிகுந்த இரவு.

முடிவில் மண்டபத்துக்கு வரும் மேரி, ஆடுகிறவர்களின் நடுவே அந்தப் பிரேத மனிதனின் கைகளில் தானே பிணக்களையோடு ஆடுவதைக் காண்கிறாள்; அலறி ஓடுகிறாள்; மணலில் விழுகிறாள்; அவர்கள் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். மறுநாள் போதகரும் வைத்தியரும் போலீஸாரும் வந்து பார்க்கையில், அவளுடைய காலடிகள் மணலில் பதிந்து வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. பிறகு காட்சி கான்ஸாஸுக்குத் திரும்புகிறது. ஆற்றிலிருந்து காரை இழுத்தெடுக்கிறார்கள். முன்னாசனத்தில் மற்ற இருவரோடு மேரியின் உடலும் இருக்கிறது.

முதலிலேயே செத்துப்போனவள் அவள் என்றால், நாம் கண்ட நாட்களெல்லாம் சாகும் தறுவாயில் ஓர் உயிர் கண்ட கனவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மணலில் காலடி இருக்கிறதே! கனவுக்குள் இருப்பவர்கள், கனவு கண்டவள் மறைந்தபின்னும் நின்று, அவள் சுவட்டைப் பார்த்து வியக்கிறார்களே! ஹார்வியும் கிளிஃபர்டும் இந்த முரணைத் தீர்க்காமலே விட்டார்கள். விட்டது குறையென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்கள் மெய்யாகவே அவளுக்கு அருளப்பட்டவை என்றே நான் கொள்கிறேன். வாழ்ந்தபோது அன்பு செய்யாத ஓர் ஆத்மாவுக்கு, அன்பு செய்து பார் என்று இன்னும் சில நாட்கள் கொடுக்கப்பட்டன. ஒரு பறவையின் குரலைக் கேட்கும் அளவுக்கு அது விழித்தும்கூட விட்டது. அப்படிக் கொண்டால் பரீட்சிக்கப்பட்டவள் மேரி ஒருத்தி மட்டும் அல்லள். அவள் கைகளைப் பிடித்து நிறுத்திய போதகர், அவள் பயத்துக்குக் காரணம் தேடிய வைத்தியர், சுவருக்கு அப்பால் காத்திருந்த பக்கத்து அறைக்காரன், வாடகைக்கு இடம் கொடுத்த வீட்டுக்கார அம்மாள் ஆகிய அனைவரிடமும், செத்துப்போன ஒரு பெண் சில நாட்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தாள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.