தமர்க்கு ஈதல் அறமாகுமா? - மும்பைப் பார்சிக் குடியிருப்புகளை முன்வைத்து

தன்னவர்க்கு மட்டும் வழங்கும் கொடை அறமாகுமா என்னும் வினாவினை ஆராய மும்பைப் பார்சிக் குடியிருப்புகள் தக்க களமாகின்றன. ஜெர்பாய் வாடியா தம் குடும்பச் செல்வத்தால் லால்பாக்கில் பார்சியர்க்கெனக் குடியிருப்பு எழுப்பினார். தாதர்க் குடியிருப்பின் வரலாறு வேறு. 1896இல் கொள்ளைநோய் பரவியதையடுத்து, 1898இல் அமைந்த நகர மேம்பாட்டுக் குழுமம் நெரிசல் மிக்க இல்லங்களை இடித்தது. தாதர், மாதுங்காப் பகுதிகளில் புதுமனைகளை வகுத்தது. மஞ்சேர்ஜி ஜோஷியின் முயற்சியால் அவற்றுள் சில எளிய வருவாயுடைய பார்சியர்க்கு ஒதுக்கப்பட்டன.

அங்குச் செல்வோர் மரநிழற் சாலைகளையும் ஐந்து பூங்காக்களையும் கண்டு மகிழ்வர். அண்மையிலுள்ள தாராவியை எண்ணுங்கால் அம்மகிழ்ச்சி வினாவாகின்றது. மாதுங்காவிலும் தமிழர் உளர். தாராவியிலும் தமிழர் உளர். ஒரு மொழியினர்க்குள்ளேயே நிலம் இருவேறு வாழ்வினைத் தந்துள்ளது.

வள்ளுவர் ஒப்புரவையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. வாடியாவின் செயல் ஈகை. தம் பொருளை யார்க்கு வழங்குவதென்பது ஈவோர் உரிமை. 2005இல் உச்ச நீதிமன்றமும் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கமொன்றின் உறுப்பினர் வரையறையை ஏற்றது. பொதுநிலமோ ஒப்புரவின்பாற்பட்டது. இல்லம் இழந்தோர் அனைவர்க்கும் அதன்கண் பங்குண்டு. எனவே குறை, வீடு பெற்றோரிடத்ததன்று. பெறாதோரை மறந்த ஆட்சியிடத்ததாகும். தமர்க்கு ஈதல் அறமே. பிறர்க்குரிய பொதுக்கடனை அது தீர்த்துவிட்டதாகக் கருதுதல் அறமன்று.